நிறுத்தாமல் விட்ட கடிகாரம்

என் மனைவி நடித்த படம் ஒன்று இருக்கிறது. 'நடித்த' என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "நான் எங்க நடிச்சேன்? நான் பாட்டுக்கு இருந்தேன், அந்தப் புள்ள எடுத்திச்சு" என்பாள். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் எடுத்த ஆவணப்படம் அது. ஸ்க்ரபிள் என்கிற சொல் கட்டும் ஆட்டத்தில், போட்டிகளில் ஆடுகிறவர்களைப் பற்றியது. போயும் போயும் இதையெல்லாமா படம் எடுப்பார்கள் என்று நான் சிரித்தேன். பலகைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, இங்கிலீஷ் எழுத்துப் போட்ட சின்னச் சின்னக் கட்டைகளை முறைத்துக்கொண்டிருப்பார்கள். சண்டை கிடையாது, பாட்டுக் கிடையாது. இதைப் பார்க்க எவன் வருவான்?

வந்தார்கள். கண்டியில் அதைத் திரையிட்ட அன்று மண்டபம் நிறைந்துதான் இருந்தது. அந்த மாலையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் இவளைப் பற்றிச் சொன்னால்தான் அது விளங்கும்.

இவள் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். படித்து, கண்டியில் ஒரு பாடசாலையில் இங்கிலீஷ் டீச்சராகி, அங்கேயே ஓய்வு பெற்றாள். எனக்குக் கடுகண்ணாவையில் பெயின்ட் கடை. வீடு கண்டியில், பேராதனை வீதியிலிருந்து மேலே ஏறுகிற ஒரு சரிவில். கல்யாணமான புதிதில் இவளோடு மார்க்கெட்டுக்குப் போகவே எனக்கு வெட்கமாக இருக்கும். வெங்காயப் பையோ, காசுப் பையோ, எதற்குள் கைவிட வேண்டியிருந்தாலும் முதலில் உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். பிறகு பையைக் கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை விட்டு எடுப்பாள். ஆட்டத்தில் பையிலிருந்து கட்டைகளை எடுக்கும்போது உள்ளே பார்க்கவில்லை என்று எதிராளிக்குக் காட்டுகிற வழக்கமாம் அது. கையோடு ஊறிப்போய்விட்டது. மரக்கறிக்காரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "நோனாவுக்கு என்ன வருத்தம்?" என்று சிங்களத்தில் கேட்பான். "பைத்தியம்" என்று நானும் சிங்களத்தில் சொல்வேன். இவளுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு நல்ல பூசை கிடைக்கும்.

ஆட்டத்தின் ஒரு விதியை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்போது எனக்கே தெரியாது. அகராதியில் இல்லாத ஒரு சொல்லையும் துணிந்து பலகையில் வைக்கலாம். எதிராளி வாய் திறக்காவிட்டால் அந்தப் பொய்ச்சொல்லுக்கும் முழுப் புள்ளி உண்டு. எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் ஆட்ட நேரம் காட்டப் பக்கத்தில் வைத்திருக்கும் கடிகாரத்தை அழுத்தி நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அகராதியைப் பார்ப்பார்கள். சொல் பொய்யென்றால் வைத்தவர் கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அவருடைய முறை போச்சு. சொல் சரியென்றால் நிறுத்தியவருடைய முறை போச்சு. அவ்வளவுதான்.

கடிகாரத்தை நிறுத்துவதில் இவளை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். ஒரு போட்டியில் இவளுடைய பாடசாலை அதிபரே எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் வைத்த சொல் ஒன்றை நிறுத்தி, அது பொய்யென்று காட்டி, அத்தனை பேருக்கும் முன்னால் கட்டைகளைத் திரும்ப எடுக்க வைத்தாள். அந்த மனுஷன் அதற்குப் பிறகு ஒரு பாடசாலைத் தவணை முழுக்க இவளுக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போனா கொறஞ்சா போயிருவ? இடமாத்தம் குடுத்துட்டார்னா என்னா செய்வ?" என்று கத்தினேன்.

இவள் திருத்திக்கொண்டிருந்த கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "தப்புன்னு தெரிஞ்சும் நான் பேசாம இருந்தா, அவர ஒரு ஆளா மதிக்கலன்னு அர்த்தங்க. சின்னப்புள்ளைக்குத்தான் விட்டுக் குடுப்பாங்க. அவர் என்ன சின்னப்புள்ளையா?"

சோற்றைப் போடு என்றேன்.

ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆட்டம். எதிரில் உட்காருகிறவள் இவளோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த முஸ்லிம் டீச்சர். இவளைவிட வயதில் இளையவள். தெல்தெனியவிலிருந்து பஸ் ஏறி, ஒரு பெட்டியில் சூடாக ஏதாவது பொரித்துக் கொண்டு வருவாள். மேசையில் உட்காரும்வரைதான் அந்த அன்பெல்லாம். உட்கார்ந்துவிட்டால் இரண்டும் பரம எதிரிகள். அவள் தனக்கு நல்ல எழுத்தே வரவில்லை என்று முணுமுணுத்தால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று இவள் வாரிவிடுவாள். அவள் சளைக்காமல் கடிகாரத்தை நிறுத்துவாள், இவளும் நிறுத்துவாள். மாதக் கணக்கில் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய சமமாகத்தான் ஜெயித்திருப்பார்கள்.

படம் எடுக்கிற பெண் வந்தது ஒரு மழைக்காலத்தில். பெற்றோர் யாழ்ப்பாணம், வளர்ந்தது கொழும்பு. கண்டியில் ஆடுகிறவர்கள் பலரைப் பார்த்துவிட்டு, இவளைப் படத்தின் நடுவில் வைக்கலாம் என்று முடிவெடுத்தாள். காரணம், அந்த மாதங்களில் இவள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வெற்றிதான். "இந்த வயதில் ஆன்ட்டி இப்பிடி ஆடுறா, நம்பேலாமல் கிடக்கு" என்று அந்தப் பெண் வியந்தாள். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், பெயின்ட் கலக்கிக் கொடுக்கிற சாக்கில், சொல்லிக்கொண்டேன். கெமராவை மேசைக்கு மேலே ஒரு கம்பியில் தொங்கவிட்டு, இவளுடைய சேலைத் தலைப்பில் மைக்கைக் குத்தி, பல சனிக்கிழமைகள் எடுத்தார்கள். எனக்குச் சொந்த வீட்டில் தும்மக்கூட அனுமதி இல்லை.

அவர்கள் கொழும்புக்குத் திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து, மார்க்கெட்டுக்குப் போன இவள் வீடு வரவில்லை. கடைக்கு ஒரு அழைப்பு வந்தது. கலஹா பஸ்ஸின் கண்டக்டர். இவளுடைய போனை வாங்கி என் இலக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறான். "ஐயா, ஒங்க வீட்டம்மா எங்க பஸ்ஸுல இருக்காங்க. எறங்க மாட்டேங்கிறாங்க. அம்மா தேடுவாங்க, இருட்ட முந்தி வீட்டுக்குப் போகணும்னு சொல்றாங்க" என்றான். நான் ஒரு த்ரீவீலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கலஹா பஸ் ஸ்டாண்டில், ஜன்னலோரமாக, மடியில் மரக்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். இவளுடைய அம்மா செத்து, அவர்கள் இருந்த தோட்டத்து லயக் காம்பிராவில் வேறு யாரோ குடியேறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. எங்கே இருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "கடைய பூட்டிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மறதி நோய் என்றார்கள். இது நேற்று வந்ததில்லை, ஒரு வருஷத்துக்கு மேலாக உள்ளுக்குள் நடந்திருக்கும் என்றார் டாக்டர். அது எப்படி முடியும், போன மாதம்கூட ஆட்டத்தில் ஜெயித்தாளே என்று நான் அவரோடு சண்டைக்கே போனேன். அவர் மருந்து எழுதினார்.

அந்த 'எப்படி'க்குப் பதில் சொன்னது இவளுடைய தோழிதான். ஒரு நாள் காலை கடையைத் திறந்து தூசு தட்டிக்கொண்டிருந்தேன். தெல்தெனியவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வாசலில் நின்றாள். கடைப்பக்கமே வராதவள். கதிரையைப் போட்டேன், உட்காரவில்லை.

"அண்ணே, நான் ஒரு வேல செஞ்சீக்கிறேன். ஒங்களுக்கிட்ட செல்லாம ஏலா."

"என்னா சொல்லுங்க டீச்சர்."

"நம்மட டீச்சர் ரொம்ப நாளா இல்லாத சொல்லெல்லாம் வெக்கிறாங்க. மொதல்ல ஒண்டு ரெண்டு. யானைக்கும் அடி சறுக்கும்தானேண்டு உட்டுட்டேன். பொறகு கூடிப் போச்சு. நிப்பாட்ட கை போகும் அண்ணே. டீச்சர்ட மொகத்தப் பார்ப்பேன், கை வராது. அல்லாவே, அவங்க ஜெயிச்சதெல்லாம் அப்பிடித்தான்."

அவள் விசும்பி விசும்பி அழுதாள். சாமான் வாங்க வந்தவன் திரும்பிப் போய்விட்டான்.

"இப்ப படம் வரப்போவுதாம். அந்தப் புள்ள கெமராவ மேலயே தொங்கவுட்டிருந்திச்சே. என்ட கை கடிகாரத்துக்குப் போய்ப் போய்த் திரும்புறது அதுல உழுந்தீக்கும். டீச்சர் பார்த்தா ஒரு செக்கன்ல கண்டுபிடிச்சிருவாங்க. என்ன செய்ற அண்ணே?"

அவள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் படமெடுத்த பெண்மீது போனது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படி. அங்கேயே நின்று கொழும்புக்குப் போன் போட்டேன். அந்தக் கை தெரிகிற இடத்தை வெட்டியெறி என்று கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு அந்தக் காட்சியை என் போனுக்கு அனுப்பினாள். தோழி சொன்னது சரிதான். மேசையின் ஓரத்தில் ஒரு கை, மோதிரம் போட்ட விரல்கள், கடிகாரத்தை நோக்கிப் போகின்றன. தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கின்றன. பின்வாங்கிக் கன்னத்துக்குப் போகின்றன. ஆட்டம் தெரியாதவன் பார்த்தால் யாரோ ஈ விரட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பான்.

மறுபடி போன் போட்டேன்.

"அங்கிள், எனக்கும் அது எடிட் பண்ணேக்கைதான் விளங்கினது" என்றாள் அந்தப் பெண். "எனக்கு அந்தக் காட்சிதான் படம். ஆனால் அது ஆன்ட்டியின்ர ஆட்டம். ஆன்ட்டி பார்த்திட்டு வேண்டாமெண்டு சொன்னால் நாளைக்கே வெட்டி எடுத்திடுறன். நீங்கள் சொல்லி எடுக்கமாட்டன்."

"அவ பார்க்கக் கூடாதுன்னுதானே நான் சொல்றேன்!"

"ஓம் அங்கிள், அது எனக்கு விளங்குது" என்றாள். என்ன திமிர் என்று நினைத்தேன்.

இவளைக் கூட்டிப் போகாமல் விட்டுவிடலாம் என்று யோசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனை. அடுப்பில் பால் வைத்ததை மறந்தாள், பல் விளக்கியதை மறந்தாள், பக்கத்து வீட்டுக்காரர் பெயரை மறந்தாள். அந்தப் படத்தை மட்டும் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும், "படம் இன்னிக்கா?" என்று கேட்பாள். இல்லையென்றால் குளியலறைக்குப் போவாள். ஒரு சேலையை எடுத்து அலுமாரிக் கதவில் தொங்கவிட்டு வைத்திருந்தாள், மாம்பழக் கலர். இவளுக்கு மிச்சமிருந்த ஒரே பெருமை அந்த மழைக்காலத்து வெற்றிகள்தான். அதையும் நானே கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பறிகொடுக்க வைக்க வேண்டுமா? கதிர்காமத்து முருகனிலிருந்து மாத்தளை மாரியம்மன்வரை வேண்டிக்கொண்டேன். அந்தக் காட்சி வரும்போதாவது இவளுடைய புத்தி வேறெங்காவது போயிருக்கட்டும் என்று வேண்டினேன். நோய் வந்த நாளிலிருந்து அதைத் திட்டியவன், அன்று மட்டும் அதனிடம் கெஞ்சினேன்.

திரையிட்ட அன்று மாம்பழச் சேலையில் நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் நான், மறுபக்கம் தோழி. திரையில் எங்கள் மேசை வந்தது, எங்கள் சுவர்க் கலண்டர் வந்தது. அடுப்படியில் நான் இருமுவதுகூடக் கேட்டது. ஆட்கள் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். பிறகு அந்தக் காட்சி வந்தது. திரையில் இவள் ஒரு நீளமான சொல்லை ஒவ்வொரு கட்டையாக வைத்துவிட்டு நிமிர்கிறாள். அந்தக் கை கடிகாரத்துக்குப் போகிறது. நிற்கிறது. திரும்புகிறது.

மண்டபத்தில் பாதிப்பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஆட்டக்காரர்கள் மட்டும் சட்டென்று அடங்கிப்போனார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுடைய வலக்கை மடியிலிருந்து துள்ளி எழுந்தது. எதிரில் இல்லாத கடிகாரத்தின்மேல் விரல் இறங்கியது.

"நிப்பாட்டியிருக்கணும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். தோழி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது த்ரீவீலில் கண்டி வாவியோரமாக வந்தோம். மேட்டில் ஏறும்போது கேட்டாள்: "எத்தன நாளா?"

"எனக்கே கொஞ்ச நாளைக்கு முந்திதான் தெரியும். சத்தியமா."

"எனக்குப் பிச்ச போட்டிருக்கா" என்றாள். அப்புறம் அழுதாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அம்மா செத்தபோதுகூட நிமிர்ந்து நின்று எல்லாக் காரியமும் பார்த்தவள். வண்டிக்காரப் பையன் கண்ணாடியில் பார்க்கிறான் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். நோய் இவளிடமிருந்து எதையெதையோ எடுத்துக்கொண்டது, அந்த ஒரு நிமிஷத்தைப் போய் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

அடுத்த சனிக்கிழமை தோழி வந்தாள். இவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். தோழி முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நேரம் வரும்வரை இருந்துவிட்டுப் போவாள். இவளுக்கு மற்றதெல்லாம் மறந்துகொண்டிருந்தது, இது மறக்கவில்லை. விட்டுத்தொலை என்று நான் சொன்னால், "ஒங்களுக்கு விளங்காது" என்பாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்து, பலகையையும் கடிகாரத்தையும் எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"ஒக்காரு" என்றாள் தோழியிடம். "இன்னிக்கு நீ நிப்பாட்டலன்னா, இனிமே இந்த வீட்டுப் படி ஏறாத."

"சரி டீச்சர்."

இவள் கையை விரித்துக் காட்டி, பையைத் தூக்கி, முகத்தைத் திருப்பிக் கட்டைகளை எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு சொல்லை வைத்தாள். தோழியின் கை கடிகாரத்துக்குப் போனது. நின்றது. இவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இறங்கி அழுத்தியது. அகராதியைப் பார்த்தார்கள். அப்படி ஒரு சொல் இல்லை. இவள் தலையை ஆட்டிவிட்டுக் கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அடுத்த முறையும் பொய்ச்சொல். தோழி அழுதுகொண்டே நிறுத்தினாள். அதற்கடுத்ததும் அப்படித்தான். எனக்குப் போதும் போதும் என்று கத்த வேண்டும் போல இருந்தது. இவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படத்தில்கூட அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை.

முடிவில் தோழியின் புள்ளிக்குப் பக்கத்தில்கூட இவள் வரவில்லை. "எனக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். தோழி தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரு காலத்தில் இவள் ஒரே சொல்லில் எடுக்கிற புள்ளி அது.

"இது என்னோடது" என்றாள் இவள். பிறகு தோழியின் கண்ணைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "பெட்டியில என்னா கொண்டாந்த?" என்று கேட்டாள். நான் பிளேன்டீ ஊற்றப் போனேன். படத்தில் அந்தக் காட்சி இருக்கட்டும் என்று அன்று மாலை கொழும்புக்குச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அதுதான் இவர்கள் இருவரும் ஆடிய கடைசி முழு ஆட்டம். இப்போது இவளுக்குச் சொல் கட்ட வராது. தோழி இன்னமும் வருகிறாள். அவள் யாரென்று தெரியாத நாட்களிலும் இவள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தோழியிடம் நான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். அவள் வராத நாட்களில் பலகைக்கு முன்னால் நான் உட்காருகிறேன். இவள் என்னைச் சில நேரம் "சேர்" என்று கூப்பிடுகிறாள். பழைய அதிபர் என்று நினைக்கிறாளோ என்னவோ. கட்டை எடுக்கும்போது மட்டும் கை விரிகிறது, முகம் தானாகத் திரும்புகிறது. எடுத்த கட்டைகளை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள்.

நான் வைப்பது நர்சரிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்கள்தான். போன வாரம் ஒரு நாள் அப்படி ஒன்றை வைத்தேன். இவளுடைய கை போய்க் கடிகாரத்தை நிறுத்தியது.

சொல் சரியான சொல். அகராதியைப் பார்க்கவே தேவையில்லை, ஆனாலும் பார்த்தேன். பொய்ச்சொல் என்று சொல்லிக் கட்டைகளை எடுத்துக்கொண்டால் இவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். என் கை கட்டைகள்வரை போய்விட்டது. இவள் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்காகக் காத்திருந்தாள்.

"சொல் சரி" என்றேன். "ஒன் முறை போச்சும்மா."

தலையை ஒரு தரம் ஆட்டினாள். "சரி, ஆடுங்க சேர்" என்றாள்.

கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டேன்.